கரண்ட் பில் ஏறாமல் குளிரை விரட்டலாம்!

மார்கழி பிறந்துவிட்டால் மலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். ராத்திரியை எப்படிக் கழிப்பது? ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எகிறுகிறது. விறகுக்குக் காட்டை நம்ப முடியாது. இதற்கு நடுவில் குழந்தைக்குச் சளி, தாத்தாவுக்கு மூச்சிரைப்பு, பாட்டிக்கு மூட்டுவலி...

'எங்க ஊர்ல ஏதுங்க குளிரு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களும், வேலை நிமித்தம் வடக்கே குடும்பத்தோடு இருப்பவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இது. அதிலும் ஒரு விஷயம், உயிர் காக்கும் விஷயம்.

வெள்ளகவியைப் பாருங்கள்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வழியாகக் கீழே இறங்கினால் வருகிற மலைக்கிராமம் வெள்ளகவி. பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரையில் இருந்து மேலே ஏறுகிற பழைய மலைப்பாதையில் இருக்கிறது. ஊர் எல்லையைத் தொட்டதும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் அது.

அரிசி மூட்டையோ மண்ணெண்ணெயோ, எதுவானாலும் குதிரை முதுகிலும் தலைச்சுமையாகவும்தான் வெகுகாலம் இந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நோயாளி என்றால் டோலி கட்டித் தூக்கி வரவேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் டாக்டரைத் தேடி ஓடவா முடியும்? அதனால் நோய் வருமுன் காப்பதுதான் அங்கே முதல் மருந்து. நமக்கும் அதுவேதான்.

மலை ஏற ஏற ஏன் குளிர்கிறது? பொதுவாக 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியகுளத்தில் மெல்லிய போர்வை போதுமென்று தோன்றும் ராத்திரியில், கொடைக்கானலில் பல் கிட்டிப்போகும். டிசம்பர், ஜனவரியில் அங்கே ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சகஜம். ஏரிப் பக்கம் புல் மேல் உறைபனி படியும் நாட்களும் உண்டு. வெள்ளகவி இந்த இரண்டுக்கும் நடுவே, மலைச்சரிவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 2 யூனிட். ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்றால் 10 யூனிட். இரண்டு மாத பில்லில் 600 யூனிட் கூடுதல்! யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறுகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைத்துப் போவீர்கள்.

இன்னொரு ஹீட்டர் உங்களிடம் இருக்கிறது. அதற்கு பில்லே கிடையாது. அது உங்கள் உடம்பு! சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்ட சோறு எரிந்து வருகிற வெப்பம் இது. அதை ஓடவிடாமல் பிடித்து வைத்தால் போதும்.

'கம்பளி நல்லா சூடு குடுக்குது' என்கிறோம். உண்மையில் கம்பளி சூடு கொடுப்பதே இல்லை. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று, உங்கள் சூட்டை வெளியே போகாமல் தடுக்கிறது. அவ்வளவுதான். இந்த ஒரு பாடம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பெரிய அறை முழுவதையும் சூடாக்குவதைவிட, அதில் இருக்கும் ஆளைச் சூடாக வைத்துக்கொள்வது மலிவு.

என்னென்ன செய்யலாம்?

1. அடுக்கடுக்காக உடுத்துங்கள். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட பனியன், சட்டை, மெல்லிய ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்கு மேல். அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கும். ரொம்ப இறுக்கமாக மட்டும் வேண்டாம்.

2. ஈரம் ஆகாது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மழையிலோ மூடுபனியிலோ நனைந்து வந்தால் முதல் வேலை துணி மாற்றுவது. 'காப்பி குடிச்சிட்டு மாத்திக்கறேன்' என்பதெல்லாம் கூடாது. தலைக்குக் குளிப்பதை வெயில் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. தரையைக் கவனியுங்கள். சிமென்ட் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கீழே ஒரு பாய் மட்டும் போட்டுப் படுத்தால் குளிர் விடாது. பாய்க்குக் கீழே சுத்தமான கோணிச்சாக்கு, நாலைந்து அடுக்குப் பழைய நியூஸ் பேப்பர், மேலே ஜமுக்காளம். செலவே இல்லாத மெத்தை!

4. வெயிலை உள்ளே விடுங்கள். பகலில் வெயில் விழும் பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கை, கம்பளியெல்லாம் வெயிலில் காயட்டும். பொழுது சாயும் முன்பே ஜன்னலைச் சாத்தித் தடித்த திரை போட்டுவிடுங்கள். பழைய போர்வையே திரையாகலாம். கதவின் அடி இடுக்கில் துணியைச் சுருட்டி வையுங்கள்.

5. ஒரே அறையில் படுங்கள். நாலு பேர் நாலு அறையில் படுப்பதைவிட ஒரே அறையில் படுத்தால், மூன்று நான்கு 'நூறு வாட் பல்பு' சேர்ந்து எரிகிற மாதிரி! தகரக் கூரை வீடானால், மேலே பலகைத் தட்டோ பரணோ இருக்கிற அறையைத் தேர்ந்தெடுங்கள். யாருக்காவது இருமல், காய்ச்சல் இருந்தால் மட்டும் அவருக்குத் தனிப் படுக்கை.

6. வெந்நீர்ப் பை. 2 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சுட வைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். அதை டவலில் சுற்றி, படுக்கப் போகும் முன் போர்வைக்குள் கால் பக்கம் வையுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள், ஷுகர் பேஷன்ட்டுகள் படுக்கும் முன் பையை எடுத்துவிட வேண்டும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.

7. வயிறு காயக்கூடாது. இரவு பட்டினி கிடந்தால் உடம்பு எரிக்க என்ன இருக்கும்? கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், சூடான சோறு, பருப்பு... எது வசதியோ அது. சுக்கு மல்லிக் காப்பி தொண்டைக்கு இதம். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரை மறக்க வேண்டாம். குளிரில் சிறுநீர் அதிகம் போகும்.

'ஒரு பெக் போட்டா குளிரு பறந்துடும்' என்பார்கள் சிலர். மது, தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். முகம் ஜிவ்வென்று சூடாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கிற வெப்பம் அந்த வழியாகவே வெளியே ஓடிவிடும். போதையில் குளிர் உறைக்காது என்பதால் ஆபத்து இரண்டு மடங்கு.

கரிச்சட்டி... எமன்!

இனி உயிர் காக்கும் விஷயத்துக்கு வருவோம். தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

குளிருக்குக் கங்குச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இருவர், தங்கிய அறையில் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கினார்கள். விடிந்தபோது உயிரோடு இல்லை.

காரணம் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் போகாது.

'புகை போன பிறகுதானே தணலை உள்ள வைக்கிறோம்?' என்று கேட்கலாம். புகை இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்று கொண்டிருக்கும் கரியில் இருந்துதான் இந்த வாயு தாராளமாக வரும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு.

அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, குழப்பம். அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகமே வேண்டாம். உடனே கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 'தூங்கினா சரியாயிடும்' என்று படுக்க விடாதீர்கள்.

கணப்பு மூட்டுவதானால் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் மூட்டிக் குளிர்காயுங்கள். விறகடுப்பு வீட்டுக்குள் எரிகிறது என்றால் புகைபோக்கி இருக்க வேண்டும். அடுப்பு எரியும்வரை ஜன்னலைச் சாத்தக்கூடாது. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதையும் விட்டுவிடுங்கள். பிஞ்சு நுரையீரல் தாங்காது.

யார் யாருக்கு அதிகக் கவனம்?

பெரியவர்கள்: வயதாக ஆகக் குளிரை உணர்கிற சக்தியும், உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குகிற சக்தியும் குறையும். 'எனக்குக் குளிரலப்பா' என்று தாத்தா சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும், முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீட்டர் வாங்க முடிந்தால் அதை அவர்கள் அறைக்குக் கொடுங்கள். திரைச்சீலை, படுக்கையில் இருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள்.

பி.பி., இதய நோயாளிகள்: குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும். விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டுச் சட்டென்று எழுந்து வெளியே போகாதீர்கள். படுக்கையிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஸ்வெட்டர், மப்ளர் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது.

ஆஸ்துமா: வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் கைவசம் இருக்கட்டும்.

கைக்குழந்தைகள்: தலையும் பாதமும் மூடியிருக்க வேண்டும். தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி அணைத்துக்கொள்வதுதான் சிறந்த சூடு. தூங்கும்போது முகத்தை மூடும்படி கனமான போர்வை வேண்டாம்.

ஷுகர் பேஷன்ட்டுகள்: வெள்ளகவி மாதிரி வெறுங்காலோடு நடக்கிற ஊர்க்காரர்கள் ராத்திரி படுக்கும் முன் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் துடைத்து, வெடிப்பு, முள், காயம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் காலால் சோதிக்க வேண்டாம். வீட்டில் வேறு யாராவது கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவிக் கம்பளி ஸாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். ஊர் வழக்கத்தை மதிப்போம், கூடவே பாதத்தையும் காப்போம்!

மற்றவர்களுக்கு இல்லாத குளிர் உங்களுக்கு மட்டும் எப்போதும் அடிக்கிறதா? ரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நடுக்கம் நின்றால் நல்லதா?

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் கடுமையான நடுக்கம். அப்புறம் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், தூக்கம் கண்ணைச் சொருகும். நன்றாக நடுங்கிக் கொண்டிருந்தவர், உடம்பு இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்று மந்தமானால், குளிர் விட்டுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது.

108-க்குச் சொல்லிவிட்டு, ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். நெஞ்சு, வயிற்றுப் பக்கம் முதலில் சூடாகட்டும். கைகாலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். வெந்நீரில் இறக்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பால் கொடுக்கலாம்.

குளிர் வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். கம்பளிகள் வெயிலில் காயட்டும், கதவு இடுக்குகள் அடைபடட்டும், பெரியவர்களின் மாத்திரை பத்து நாளுக்கு முன்கூட்டியே வீட்டுக்கு வரட்டும். அந்தக் கரிச்சட்டியை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். அது உள்ளே வரவே வேண்டாம்!