உயர்தர வகுப்புக்கு முன்: கணிதத்தில் விடுபட்ட பாடங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிள்ளை வீட்டில் நிற்கும் நாட்களில், உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுக்கவிருக்கும் பிள்ளையின் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பாதர், எந்த ரியூசனுக்கு அனுப்புவது?" சிலர் காதுத் தோட்டை அடகு வைக்கவும் ஆயத்தமாக வருவார்கள்.

அவசரப்பட வேண்டாம். இடம்பெயர்ந்து இரண்டு மூன்று பாடசாலைகளில் படித்த பிள்ளைக்கு, எந்தப் பாடம் விடுபட்டது என்பது பிள்ளைக்கே தெரியாது. ஓரிடத்தில் அப்பாடம் தொடங்குமுன் புறப்பட்டிருப்பீர்கள்; போய்ச் சேர்ந்த இடத்தில் அது முடிந்திருக்கும். பொறியியல் படிக்க விரும்புபவர் இணைந்த கணிதத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரு வினாத்தாள்களுக்கு விடை எழுத வேண்டும். 12ஆம் தர ஆசிரியர் 10ஆம் தரப் பாடத்துக்குத் திரும்பிப் போக நேரம் இராது. பிள்ளைகள் இடறுவது வகையீடு, தொகையீடு போன்ற புதிய பாடங்களில் என்று நினைக்கிறோம். நான் கண்ட அளவில், பலர் இடறுவது அவற்றுக்குள் மறைந்திருக்கும் பழைய அட்சரகணிதத்தில்தான்.

ஓர் உதாரணம். எக்ஸ் கூட்டல் 3 என்பதன் வர்க்கம் என்னவென்று கேட்டால், "எக்ஸ் வர்க்கம் கூட்டல் 9" என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். இது பிழை. முற்றத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 முழமான சதுரப் பாத்தி ஒன்றைக் கீறுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 3 முழம், 2 முழம் எனப் பிரித்து, குறுக்கே வரம்பு போடுங்கள். முழுப் பாத்தி 25 சதுர முழம். 3இன் வர்க்கம் 9, 2இன் வர்க்கம் 4. கூட்டினால் 13 மட்டுமே. மிகுதி 12 எங்கே? மூன்றுக்கு இரண்டான இரண்டு துண்டுகள் வரம்புக்கு இரு புறமும் கிடக்கின்றன. அவ்வாறே எக்ஸ் கணக்கிலும் "6 எக்ஸ்" விடுபட்டுப் போயிற்று. பாத்தி கட்டிப் பழகிய தகப்பனார் இதை எந்த ஆசிரியரையும் விட நன்றாக விளக்குவார்.

இன்னொரு பிழை, எக்ஸ் கூட்டல் 6 என்பதை 3ஆல் வகுக்கும்போது 6ஐ மட்டும் வகுத்து, "எக்ஸ் கூட்டல் 2" என்று எழுதுவது. எக்ஸுக்கு 9 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரியான விடை 5. பிள்ளையின் விடை 11. சந்தேகம் வரும்போது இலக்கம் போட்டுச் சோதிக்கும் பழக்கம் உயர்தரத்திலும் கைகொடுக்கும்.

செய்யவேண்டியது இதுவே. அரசாங்கம் இலவசமாகத் தந்த 10ஆம், 11ஆம் தரக் கணிதப் புத்தகங்களைத் தேடி எடுங்கள். உங்களுடையவை தொலைந்திருந்தால் அயலில் கேளுங்கள். பொருளடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே படித்தது, மறந்தது, படிக்காதது என்று பிள்ளை குறிக்கட்டும். காரணிகள், அட்சரகணிதப் பின்னங்கள், சுட்டிகள், மடக்கைகள், இருபடிச் சமன்பாடுகள், திரிகோணகணிதம் ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். புள்ளிவிபரம் பிறகு பார்க்கலாம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். புத்தகத்தில் செய்து காட்டிய கணக்கின் விடையை மூடிவிட்டுத் தானே செய்து, பின் ஒப்பிட வேண்டும். வாசித்துத் தலையாட்டுவது படிப்பல்ல.

ஒரு மாதத்தின் பின்னும் சில பாடங்கள் பிடிபடாமல் நிற்கும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அப்போது ஆசிரியர் ஒருவரிடம் போங்கள். முழு வகுப்புக்கும் காசு கட்டாமல், அந்த மூன்று நான்கு பாடங்களை மட்டும் சொல்லித் தருவாரா என்று கேட்கலாம். தோட்டை அடகு வைப்பதா என்பதை அதற்குப் பிறகு யோசியுங்கள்.