சாண்டினிஸ்டா: ஓர் இசைத்தொகுதியும் அதன் விலையும்

இசை என்பது செவிக்கு இன்பம் பயப்பது என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். அக்கருத்தோடு 'பங்க் ராக்' என்னும் மேனாட்டு இசையைக் கேட்கப் புகுவோர் முதற் பாட்டிலேயே செவியைப் பொத்திக்கொள்வர். யாமும் அவ்வாறே செய்தோம். விரைந்த தாளம், முழங்கும் கிதார், பாடுதலினும் கூவுதலே மிக்க குரல் என்பன அதன் இயல்பு. 1970-களின் நடுவில், வேலையின்மை பெருகிய இங்கிலாந்தில் அது இளைஞரிடையே பரவிற்று. எனினும், முன்னர்க் கைத்துப் பின்னர் நலம் பயக்கும் சொல்லை வாயுறை வாழ்த்து என வகுத்த இலக்கணத்தைப் பயில்வோர்க்கு, கைப்பு ஒன்றே ஒரு பாட்டைத் தள்ளுதற்குக் காரணமாகாது அன்றோ?

ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது, 1976-இல் இலண்டனில் தோன்றிய 'கிளாஷ்' குழுவினர் 1980 டிசம்பர் 12-ஆம் நாள் வெளியிட்ட 'சாண்டினிஸ்டா!' என்னும் தொகுதி. ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டாப்பர் ஹெடன் என்போர் அக்குழுவினர் நால்வர். தட்டுகள் மூன்று, பக்கங்கள் ஆறு, பாட்டுக்கள் 36.

நிகரகுவா நாட்டில் 1927 முதல் 1933 வரை அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்டு, 1934-இல் கொல்லப்பட்டவர் சாண்டினோ. அவர் பெயர் பூண்ட இயக்கத்தார், நாற்பதாண்டுக்கு மேல் அந்நாட்டை ஆண்ட சொமோசா குடும்பத்தாரை 1979 ஜூலையில் வீழ்த்தினர். அவ்வியக்கத்தின் பெயர்ச்சுருக்கத்தையே கிளாஷ் குழுவினர் தம் தொகுதியின் வரிசைக் குறியீடாகவும் அமைத்தனர்.

இங்கே ஒரு வினா எழும். கொடுமையைச் சாடும் பாட்டைப் பெரு வாணிகக் குழுமம் ஒன்று விற்று ஆதாயம் பெறுமாயின், அஃது எதிர்ப்பாகுமோ, சரக்காகுமோ? இதற்கு விடை பாட்டிலன்று, விலையில் உள்ளது. மூன்று தட்டுக்களையும் ஒரு தட்டின் விலையை ஒட்டியே விற்றல் வேண்டுமென அக்குழுவினர் வற்புறுத்தினர். அதன்பொருட்டுப் பிரிட்டனில் விற்கும் முதல் 2,00,000 படிகளுக்குத் தமக்குரிய ராயல்டியை விட்டுக்கொடுத்தனர். ஏழை மாணவர் வாங்குதற்கென்று ஆசிரியன் தன் பங்கை இழத்தல் நூலுலகிலும் அரிது.

பாட்டுக்களுள் தலையாயது 'வாஷிங்டன் புல்லட்ஸ்'. 1973-இல் சிலி நாட்டில் இராணுவத்தார் கொன்ற பாடகர் விக்டர் ஹாராவை அது பெயர் சொல்லி நினைவுகூரும். கியூபாவில் அமெரிக்கா செய்ததை உரைக்கும்; உரைத்த வாயாலேயே ஆப்கானிஸ்தானத்தில் உருசியரையும், திபெத்தில் சீனரையும் குறை கூறும். தம் நாட்டுக் கூலிப்படையினரையும் அது விட்டிலது.

'கெரியர் ஆப்பர்சூனிட்டீஸ்' என்பதோ எம்மை வேறு வகையில் தொட்டது. 1977-இல் தம் முதற்றொகுதியில் வேலை கிட்டாமையைச் சினந்து பாடிய அப்பாட்டை, ஈண்டுச் சிறுவர் பாடுகின்றனர். பட்டம் பெற்று வெளியேறும் நாளை எண்ணியிருக்கும் எமக்கு, ஸ்ட்ரம்மரின் சினத்தினும் சினமறியா அம்மழலையே அச்சம் தந்தது.

குறைகளும் உள. ஆறாம் பக்கத்திற் பெரும்பகுதி முன்வந்த பாட்டுக்களின் திரிபே. இரண்டு தட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆலயப் பாடகர் குழுவின் நடையில் அமைந்த பாட்டொன்றும் உண்டு. அக்குழுவில் நின்று பழகிய எமக்கும் அது பகடியோ பக்தியோ எனத் துணிய இயலவில்லை.

இனி, பெயரைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். அன்று கொடுங்கோலை வீழ்த்தியவருள் ஒருவரான தானியேல் ஒர்த்தேகா, 1990 தேர்தலில் தோற்று, 2007-இல் மீண்டும் ஆட்சித்தலைவரானார். 2018-இல் எழுந்த கிளர்ச்சியை அவர் அரசு ஒடுக்கியபோது 300-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவருள் மாணவரும் இருந்தனர். வாஷிங்டனுக்கு ஒரு நீதி, மாஸ்கோவிற்கு ஒரு நீதி எனக் கொள்ளாத பாட்டு, மனாகுவாவிற்கும் அந்நீதியே கொள்ளல் வேண்டும். ஸ்ட்ரம்மர் 2002-இல் மறைந்தார். அவரைக் கேட்டறிய வழியில்லை. 'வாஷிங்டன் புல்லட்ஸ்' முடியுமிடத்தில் அவர் அப்பெயரைத் திரும்பத் திரும்பக் கூவுவார். விடுதியில் அவ்விடம் வருங்கால் எம்மிற் சிலர் உடன் பாடுவர். சிலர் வாளா இருப்பர்.