ஒன்பதுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கார் வாங்கியவன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது அழகா என்று கேட்கும் அன்பர்கள் என் உறவினர் வட்டாரத்திலேயே அநேகம் பேர் உண்டு. விலை கொடுக்கும் சக்தி ஒருவனுக்கு இருப்பதனாலேயே ஏமாறும் சக்தியும் அவனுக்கு இருந்தாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று அச்சிட்ட வழவழப்பான காகிதத்தை நம்பி, 2 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய ஒரு பெரிய செடானை வீட்டுக்குக் கொண்டுவந்து, மந்தைவெளிக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நடுவே அது 9 கிலோமீட்டரோடு நின்றுவிட்டதைப் பிரத்தியட்சமாகக் கண்டபின், இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஞானத்தை, என்னைப் போலவே நகரத்தில் குடியிருந்து, டிரைவர் வைத்துக்கொண்டு, வருஷத்தில் சில தடவை திருச்சிப் பக்கம் போய்வரும் வாசகர்களுக்குச் சொல்லிவைப்பது கடமை என்று தோன்றுகிறது.

முதலில் அந்த 18 எங்கே பிறந்தது என்று பார்க்கவேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 115-ஆம் விதிப்படி சோதனை நிலையம் அளித்த சான்று என்று விளம்பரத்தின் அடியில், மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில், ஒரு வரி இருக்கும். அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை; புனேயில் 1966-இல் தோன்றிய ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையங்களில், உருளைகளின்மேல் சக்கரங்கள் சுழல, வண்டி இருந்த இடத்திலேயே நின்று ஓடுகிறது. மொத்தம் 1180 விநாடி, அதாவது இருபது நிமிஷத்துக்கும் சற்றுக் குறைவு, அதில் 780 விநாடி நகர ஓட்டம், மீதி 400 விநாடி ஊருக்கு வெளியே போகும் ஓட்டம், உச்ச வேகம் 90 கிலோமீட்டர், ஏ.சி. கிடையாது, பள்ளம் கிடையாது, முன்னால் குறுக்கே வந்து நிற்கும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஆகவே அந்த எண்ணைப் பொய் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், சித்திரை மாதத்து மத்தியான வேளையில், மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே லஸ் முனையில் அசையாமல் நிற்பவனுக்கு அதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, அளக்கும் விதம். வண்டியின் திரையில் தெரியும் மைலேஜை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களோடு வாதம் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். எஞ்சினுக்குள் எவ்வளவு எண்ணெய் பீய்ச்சப்பட்டது என்று வண்டி தானே அனுமானித்துச் சொல்லும் எண் அது. பெரும்பாலும் உடையவன் மனம் குளிரும்படியாகவே சொல்லும். டாங்கை நிரப்பி, ஓடியபின் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்பு. குழாய் தானாக முதல் தடவை நின்றதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று பங்க் பையன் கேட்பான், அப்போது தலையசைத்தீர்களானால் கணக்கு அங்கேயே கெட்டது. என் மைத்துனர், "அத்தான், என் வண்டி சிட்டியிலேயே இருபத்திரண்டு கொடுக்குது" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் வற்புறுத்தி இந்த முறையில் அளக்கவைத்தபின், 19 என்ற எண்ணோடு அந்தப் பேச்சைக் கைவிட்டார். அவருடையது ஹைபிரிட் வண்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் உண்டாக்கிய விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பார்க்கப் போன அன்றே, நான் தினந்தோறும் போய்வருவது நான்கைந்து கிலோமீட்டர்தான் என்பதையும், நீண்ட பிரயாணம் எப்போதோ ஒரு தடவைதான் என்பதையும், கழுத்துப்பட்டை கட்டிய அந்த இளைஞரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். "அப்போ டீசல்தான் சார் உங்களுக்கு கரெக்ட், மைலேஜ் வரும்" என்றார் அவர். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது முதல், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய விலை வித்தியாசம் சுருங்கிப்போய்விட்டது என்பதை நான் எடுத்துக்காட்டியும், அவர் தமது சித்தாந்தத்திலிருந்து அணுவளவும் நகரவில்லை. அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், 2020 ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தபின் விற்பனையாகும் இத்தகைய டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு வடிகட்டி இருக்கிறது என்பதும், அதன் சுபாவம் என் பிரயாணங்களுக்கு நேர் விரோதமானது என்பதும்தான்.

அதன் வேலை, புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்வது. காபி வடிகட்டியில் பொடி அடைத்துக்கொள்வதைப்போல அதிலும் கரி சேர்ந்துகொண்டே போகும். அதை அடிக்கடி வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டிருக்க முடியாதாகையால், வண்டி தானாகவே அவ்வப்போது கொஞ்சம் அதிகமான டீசலைச் செலவழித்து, புகைக்குழாயின் உஷ்ணத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி, சேர்ந்த கரியை எரித்துவிடுகிறது. இது நிறைவேற வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, கால் மணி இருபது நிமிஷமாவது ஸ்திரமான வேகத்தில் ஓடவேண்டும். என் வண்டிக்கோ, எஞ்சின் ஆயில் பக்குவமான சூட்டுக்கு வருவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். எரிக்க ஆரம்பிக்கும், நான் இறங்குவேன், டிரைவர் எஞ்சினை அணைப்பார், பாதியில் நிற்கும். சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும், வீடு வந்துவிடும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதற்காகப் பீய்ச்சிய டீசல், சக்கரத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் வீணாகும். என் 9 கிலோமீட்டரின் ரகசியத்தில் ஒரு பாகம் இதுதான். இதைவிடக் கொடுமை, அப்படிப் பீய்ச்சியதில் ஒரு பகுதி சிலிண்டரின் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடுவது. ஆயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனதை எங்கள் டிரைவர்தான் முதலில் கவனித்தார்.

அறிகுறிகள் முன்னமே இருக்கத்தான் செய்தன. வண்டியை அணைத்தபின்னும் முன்பக்கத்து விசிறி இரைந்துகொண்டிருந்ததும், காரணமில்லாமல் ஒரு தீய்ந்த வாசனை வந்ததும், நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி சற்று உயர்ந்திருந்ததும் அவையே. சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் இவற்றைச் சொன்னேன். "நார்மல் சார்" என்ற மந்திரத்தை உச்சரித்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்க மறுத்த பிறகு, பணிமனையில் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கட்டாயமாகக் கரியை எரித்து, ஆயிலை மாற்றி, அப்படியும் தீராமல் வடிகட்டியையே மாற்றி, அந்த வருஷம் முழுவதும் டீசலில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகையைப்போல் பல மடங்குக்கு ஒரு பில்லை நீட்டினார்கள். உத்தரவாதத்தில் சேராதா என்றதற்கு, "நீங்க சிட்டிக்குள்ளேயே ஓட்டியிருக்கீங்க சார், யூஸேஜ் பிராப்ளம்" என்றார் பணிமனை ஆலோசகர். கட்டிடத்தின் மேல்மாடியில் நகரத்துக்கு ஏற்றது என்று சொல்லி விற்ற வண்டி, அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், நகரத்தில் ஓட்டியதனால் கெட்டுப்போன வண்டியாகிவிட்டது! எல்லாம் உரிமையாளர் கையேட்டில் இருப்பதாகவும் சொன்னார். இருக்கத்தான் இருக்கிறது, அச்சிட்ட புஸ்தகமாக அல்ல, திரைக்குள் ஏழெட்டுக் கதவுகளைத் திறந்து போனால் கிடைக்கும் ஒரு பக்கத்தில். நீயே படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்று கேட்கும் சிநேகிதர்களுக்கு நான் சொல்வது: தன் உபயோகம் இன்னதென்று வாய் திறந்து சொன்ன நிமிஷத்திலேயே வாங்குகிறவனுடைய கடமை முடிந்துவிட்டது, மீதி, விற்கிறவனைச் சேர்ந்தது.

டிரைவர் விஷயம் இன்னொன்று. நாம் கல்யாண மண்டபத்துக்குள் இருக்கையில் வெளியே எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டுக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருப்பது நகரத்து வழக்கம். இந்த அளவு எஞ்சின் ஏ.சி.யோடு சும்மா நிற்பதற்கே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கேட்கும். போக வரப் 10 கிலோமீட்டர் ஓட ஒரு லிட்டர், ஒரு மணி நேரம் நிற்க ஒரு லிட்டர் என்றால், மைலேஜ் 5 என்று ஆகிவிடுகிறது. பழி மட்டும் வண்டியின்மேல். அதற்காக அந்த மனிதரை வெயிலில் வேகவிட்டு டீசல் சேமிப்பது பாவம். நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து சாப்பிடும்படி சொல்லிவிட்டேன். "அப்போ யாராவது வண்டியை உரசிட்டாங்கன்னா ஐயா?" என்று கேட்டார், உரசினால் உரசட்டும் என்றேன். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் ஏற்பாடு இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். நம் ஊர் வெயிலில் ஏ.சி. படும் பாட்டில், அது நின்ற வேகத்தில் மறுபடி எழுந்துவிடும்.

மற்றவையெல்லாம் சில்லறை. டயரில் எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே அளவை வைக்கும் பங்க் பையனை நம்பாமல், காலையில் டயர் சூடேறும் முன் அதன்படி வைக்கவேண்டும். டிக்கியில் தேங்காய் மூட்டையைக் குடிவைக்கக் கூடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 80-இலிருந்து 120-க்குப் போனால் அது இரண்டேகால் மடங்காகிறது என்பதை, பின் சீட்டில் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இவ்வளவு சொன்னதனால் நான் அந்த வண்டியை வெறுப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பி, செங்கல்பட்டைத் தாண்டி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகத் திருச்சி வரை, சுமார் 330 கிலோமீட்டரை 90-ஐத் தாண்டாத வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய், டாங்க் கணக்கில் அளந்தபோது, லிட்டருக்கு 20-க்கும் மேல் கொடுத்தது. அதாவது காகிதத்து 18-ஐயே தோற்கடித்தது. நின்று நின்று போகும்போதெல்லாம் எஞ்சினை அணைத்து, பிரேக்கில் விரயமாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேர்த்துக்கொள்ளும் ஹைபிரிட் வண்டி ஊருக்குள் என்னுடையதை ஜெயிக்கிறது என்பதை மைத்துனருக்காக ஒப்புக்கொள்கிறேன். பெரம்பலூர் பக்கம் வந்து அவர் பேசட்டும். வெறும் பெட்ரோல் வண்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: எத்தனாலில் உள்ள சக்தி, அதே அளவு பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று அமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த கார்கள் 20 சதவீதக் கலவையில் ஓடினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொள்ளலாம்.

புது வடிகட்டி போட்டபின், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவதை நியமமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கரி எரிந்துவிடுகிறது, மஞ்சள் விளக்கு அதன்பின் தலைகாட்டவில்லை. அந்தப் பிரயாணத்துக்கு ஆகும் டீசலையும் மைலேஜ் கணக்கில் சேர்க்கவேண்டும் என்கிறாள் என் மனைவி. அது வடிகட்டியின் பராமரிப்புச் செலவு என்பது என் அபிப்பிராயம்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஐம்பது கிலோமீட்டர் தடையில்லாமல் ஓட்ட வழியிருப்பவர் டீசல் வாங்கலாம். இல்லாதவருக்கு, எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டினாலும், அது ஆகாது. வாங்குவது என்று தீர்மானித்துவிட்டவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளர் கையேட்டைக் கேட்டு வாங்கி வடிகட்டியைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிடுங்கள். உங்கள் தினசரிப் பிரயாணத்தின் தூரத்தை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதி, அதற்கு இந்த வண்டி ஏற்றது என்று விற்கிறவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.