கீழடிச் சில்லும் நம்மூர் விளையாட்டுத் திடலும்

ஊரின் தொன்மையைச் சொல்லும் பூங்கா என்றதும் ஒப்பந்தக்காரர் முதலில் கேட்பது, "என்ன சிலை வைக்கலாம்?" என்றுதான். திமில் காளை, யானை, வாளோடு ஓர் அரசர். சுற்றிலும் கம்பி வேலி. "ஏறாதீர்கள்" என்று ஒரு பலகை. பிள்ளைகள் தொடக் கூடாத ஒன்றுக்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை? அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு ஊஞ்சல் போடலாம்.

வைகைக் கரையின் கீழடி, அகரம், கொந்தகை, மணலூர் வட்டாரத்தை வைத்து இதைச் சொல்கிறேன். ஆதிச்சநல்லூர்க்காரர்களும் கொற்கைக்காரர்களும் தங்கள் மண்ணில் கிடைத்ததைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். கீழடியில் செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள் கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அவற்றோடு பகடைக்காய், ஆட்டக்காய்கள், உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் ஆகியவையும் வந்தன. நம் திடலுக்குச் சிலையைவிட இந்தச் சில்லுதான் நல்ல தொடக்கம்.

முதலில் நிலம்

இடம் எந்த வகை என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதைத் தாண்டிய 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். அகழாய்வு நடந்த ஊர்களில் இன்னும் எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆழமாகத் தோண்டாதீர்கள். மண்ணடித்து மேடாக்கி அதன்மேல் கட்டுங்கள். மண்வெட்டியில் பழைய ஓடோ செங்கல் வரிசையோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பிறகு பிள்ளைகள்

வரைபடம் போடுவதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளை 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும், பார்த்ததில் எதை வைத்து விளையாட ஆசை என்று வரையச் சொல்லுங்கள். அதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பத்தையும் திணித்தால் அது பொருட்காட்சி ஆகிவிடும்.

சில்லுத் தளம்

சில்லு எறிந்து நொண்டியாடும் பாண்டிக் கட்டத்தைப் பெயிண்டில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. கருங்கல் பலகையில் கோடுகளைக் கொத்திவிடுங்கள். கட்டம் ஒன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கல்லைப் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், நனைந்தால் வழுக்கும். ஒற்றைக் காலில் நொண்டுகிற பிள்ளைக்குச் சொரசொரப்புத்தான் பிடிமானம். சில்லைக் கடையில் வாங்க வேண்டாம். ஓரத்தில் ஒரு தேய்ப்புக் கல்லைப் பதித்து, பக்கத்தில் ஒரு தொட்டி நிறைய முனை மழுக்கிய பானை ஓடுகளைப் போட்டு வையுங்கள். ஓட்டைத் தேய்த்து வட்டமாக்குவதற்கே பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போய்விடும். அந்தக் காலத்தில் செய்த அதே வேலைதான் அது. விளக்கப் பலகை எதுவும் தேவைப்படாது.

பக்கத்தில் மரத்தடியில் இரண்டு கல் மேசைகள். ஒன்றில் மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடுபுலிக் கட்டம். இன்னொன்றில் பதினான்கு பல்லாங்குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் விரல் நுழையாத அளவில் ஒரு துளை போட்டு நீர் வடிய விடுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் டெங்கு கொசுவுக்குப் பதினான்கு தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. மேசையின் ஒரு பக்கத்தில் இருக்கை போடாமல் விட்டால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் ஆடலாம். வாசலிலிருந்து அதுவரை படி இல்லாத பாதை வேண்டும். மேடேற வேண்டிய இடத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு.

உறைகிணற்றுக் குகை

உறைகிணற்றைக் கிணறாகவே கட்டாதீர்கள், ஆழம் இரண்டடி என்றாலும் வேண்டாம். சிமெண்ட் உறைகள் எல்லா ஊரிலும் கிடைக்கும். மூன்றடி விட்டத்தில் ஐந்தாறு உறைகளைப் படுக்க வைத்து, உருளாதபடி அடிப்பகுதியை மண்ணில் புதைத்து, இணைப்புகளைப் பூசினால் தவழ்ந்து போகும் குகை தயார். இரு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும். விளிம்புகளை உருட்டிப் பூசுங்கள். வெளிப்புறத்துக்குச் சுடுமண் ஓடுகள் ஒட்டலாம். மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரை பக்கத்தில் இருக்கும்போது ஓட்டை வெளியூரில் தேட வேண்டியதில்லை. ஈர ஓட்டில் பிள்ளைகளே தங்கள் பெயரைத் தமிழியில் கீறட்டும், பிறகு சூளையில் வைக்கலாம். கீழடி ஓட்டில் ஆதன் என்ற பெயர் இருப்பதுபோல இவர்கள் பெயரும் அங்கே இருக்கும்.

அகழாய்வுக் குழி

பத்தடிக்குப் பத்தடி மணல் தொட்டி ஒன்று, நான்கு சதுரங்களாகப் பிரித்தது. அகழாய்வில் கட்டுவதுபோல் கயிறு கட்ட வேண்டாம், கால் தடுக்கும். மழுங்கிய விளிம்புள்ள தாழ்ந்த திண்டு போதும். உள்ளே சுடுமண் நகல்களைப் புதைத்து வையுங்கள். கட்டட எம்-சாண்ட் மழையில் இறுகிவிடும், அலசிய மணலாகக் கேட்டு வாங்குங்கள். இரவில் வலை போட்டு மூடாவிட்டால் நாயும் பூனையும் அதைக் கழிப்பிடமாக்கிவிடும்.

அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஊஞ்சலும் சறுக்கும் வழக்கம்போல இருக்கட்டும், அவற்றுக்கு யானைத் தும்பிக்கை ஒட்ட வேண்டியதில்லை. ஏறும் சாதனம் எதுவானாலும் சுற்றிலும் ஆறடி காலியிடம், கீழே ஓர் அடி ஆழத்துக்கு மணல் வேண்டும். ஊஞ்சலுக்கு, அது தொங்கும் உயரத்தின் இரண்டு மடங்கு இடத்தை முன்னும் பின்னும் விடுங்கள். கம்பிகளுக்கு இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் சந்து இருக்கவே கூடாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்வது அந்தச் சந்தில்தான். தகரச் சறுக்கு நம் வெயிலுக்கு ஆகாது, மொசைக் சறுக்கே நல்லது. அதையும் வடக்கு பார்த்து வையுங்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் மேற்கு வெயில் அடிக்கும் நேரம் என்பதால் மேற்கில் வேம்பும் புங்கையும் நட வேண்டும். அழகுக்காக அரளி வைத்துவிடாதீர்கள். வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்தால் வேரோடு பிடுங்குங்கள். சிவப்பும் கறுப்புமாய்க் கண்ணைப் பறிக்கும் அந்த விதை கொடிய விஷம்.

திறப்பு விழாவோடு எல்லாவற்றையும் மறந்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. போல்ட் முடுக்கவும் மணல் நிரப்பவும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்குவதாகத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரைந்த படத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.