விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதை எங்கள் பகுதியில் எவரும் மறக்க மாட்டார்கள். அந்த மழைக்காலத்தில் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. அடுத்து வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கற்றல் இழப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’, ‘எண்ணும் எழுத்தும்’ ஆகிய திட்டங்கள் வந்தன. ஆனால் நேரத்துக்கு உறங்குவது, கை கழுவுவது, ஓடியாடுவது போன்ற பழக்கங்களும் அப்போது அறுந்துபோயின. அவற்றை மீட்பதும் ஆசிரியர் பணியே.

பேரிடர் எப்போதோ வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பணிபுரியும் பெற்றோரின் வீடுகளிலோ ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஒழுங்கு குலைகிறது. என் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். இருமுறை கண்டித்தேன். பிறகுதான் விசாரித்தேன். அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில், அவர் முகத்தைப் பார்க்க நள்ளிரவு வரை விழித்திருக்கிறாள். என் கண்டிப்பு அவளுக்கு வெட்கத்தைத் தந்ததே தவிர, உறக்கத்தைத் தரவில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வு இங்கே உதவும். ஒரு புதிய செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ‘விட்டுப்போச்சு, இனி எதற்கு’ என்று கைவிடுவதே பெரிய தடை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை:

1. ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். மதிய உணவுக்கு முன் சோப்பால் கை கழுவுவதில் தொடங்கலாம்.

2. கடிகாரத்தை நம்பாமல், மாறாத ஒரு செயலோடு இணைத்தல். ‘ஒன்பது மணிக்குப் படு’ என்பது ஷிப்ட் வீட்டில் நிற்காது. ‘சாப்பிட்டதும் பல் துலக்கு, துலக்கியதும் படு’ என்பது நிற்கும்.

3. சுவரில் வாரக் கட்டம். செய்த நாளில் ஒரு புள்ளி. விடுபட்ட நாளுக்குச் சிவப்புக் குறியோ தண்டனையோ வேண்டாம். மறுநாள் தொடர்ந்தவரைப் பாராட்டுவோம்.

4. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகவல்: 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை.

அந்த மாணவியின் அப்பாவிடம் பேசினேன். இரண்டாவது ஷிப்ட் வாரங்களில் காலையில் அவர் வீட்டில்தான் இருப்பார். இப்போது அந்த வாரங்களில் மகளைப் பள்ளிக்கு அழைத்து வருபவர் அவரே. காலையில் அப்பா வருவார் என்ற உறுதி கிடைத்ததும் அவள் இரவில் உறங்கத் தொடங்கினாள். சில நாள் தவறுகிறாள், மறுநாள் தொடர்கிறாள்.

தேர்வுப் பணி, பயிற்சி, குடும்பச் சுமை என்று நம் நடைப்பயிற்சியும் விட்டுப்போயிருக்கலாம். நாளைக் காலை பத்து நிமிடம் நடப்போம். மாணவருக்குச் சொல்வதை முதலில் நாம் செய்து பார்ப்போம்.