பழைய தொலைபேசியும் புதிய வலையும்

தமிழ் பயிலும் மாணவனுக்குத் தொலைபேசியின் உள்ளுறுப்புகளோடு யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவக்கூடும். விடை போடிநாயக்கனூரில் உள்ளது. அங்கு என் பெரிய தந்தையார் ஏலக்காய்க் கடை நடத்தி வருகின்றார். ஏலம் இந்நாளில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மையத்தில் கணிப்பொறி வாயிலாக நிகழ்கின்றதாயினும், அவர் கடையில் பழைய மேசைத் தொலைபேசியும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் இன்றும் உள. வடநாட்டு வாடிக்கையாளர் சிலர் பட்டியலிற் கையொப்பமிட்டு ஃபேக்ஸிலேயே அனுப்புவர். செப்புக் கம்பி நீங்கிக் கண்ணாடி இழை வந்த நாளில், பணியாளர் பழைய தொலைபேசியைப் புதிய பெட்டியின் துளையிற் செருகினார். 04546 எனத் தொடங்கும் அதே எண்ணில் மணி ஒலித்தது. பெரிய தந்தையார் மகிழ்ந்தார். மறுநாள் அவ்விணைப்பிலேயே வந்த ஃபேக்ஸ் தாள் பாதியில் நின்றது. பெயரும் முகவரியும் இருந்தன. எடையும் விலையும் இருக்க வேண்டிய இடம் வெண்மையாய் இருந்தது.

பேச்சு செவ்வனே வந்த வழியில் தாள் மட்டும் ஏன் வரவில்லை? இவ்வினாவே என்னை இவ்வாராய்ச்சியிற் புகுத்திற்று.

பழைய அமைப்பில் தொலைபேசி நிலையத்தினின்றும் இரண்டு செப்புக் கம்பிகள் வீட்டிற்கு வரும். நிலையத்து மின்கலங்கள் ஏறக்குறைய 48 வோல்ட் மின்சாரத்தை அவற்றின் வழியே அளித்துக்கொண்டிருக்கும். பேசுவோர் குரலுக்கேற்ப மின்னோட்டம் ஏறியிறங்கும். மணி ஒலிக்க வேண்டிய மாறுமின்சாரத்தையும் நிலையமே அனுப்பும். வீட்டிலுள்ள கருவி நிலையத்தின் செலவிலேயே உயிர் வாழ்ந்தது எனலாம். இணைய வலையோ இவ்வேற்ற இறக்கத்தை அறியாது; எண்களையே அறியும்.

இவ்விரண்டிற்கும் இடைநின்று மொழிபெயர்ப்பது அனலாக் தொலைபேசி அடாப்டர். இது தனிப் பெட்டியாகவும் கிடைக்கும். கண்ணாடி இழைப் பெட்டிகள் பலவற்றில் உள்ளேயே அமைந்திருக்கும். ஜி.711 என்னும் முறைப்படி அது குரலலையை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாலான எண்ணாக்கும். பொதுவாக 160 எண்களை ஒரு கட்டாகக் கட்டி, முகவரியிட்டு வலையில் விடும். அங்ஙனம் வினாடிக்கு 50 கட்டுகள் புறப்படும். வழியில் ஒன்று தொலையலாம், மற்றொன்று பிந்தலாம்.

செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் மறைந்திருப்பின், எதுகையும் பொருளும் கொண்டு வல்லார் அதனை ஊகிப்பர். நம் செவியும் அத்தகையதே; பேச்சில் ஒரு துணுக்கு விடுபடின் தானே நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸோ கணக்கோலையை ஒத்தது. ஓர் இலக்கம் போயின் ஊகித்தற்கு இடமில்லை. அவ்வியந்திரம் தாளின் கருமை வெண்மைகளை ஒலியாக்கிப் பாடுகின்றது. எதிரியந்திரம் அவ்வொலியின் நுண்ணிய மாற்றங்களை நேரந் தவறாது கேட்டு எழுதுகின்றது. ஒரு கட்டுத் தொலைந்தால் அந்நேரக்கணக்குப் பிறழ்கின்றது. ஜி.729 போன்ற சுருக்க முறைகள் இன்னும் கொடியன. 64,000 பிட்டுகள் செல்லுமிடத்தில் 8,000 பிட்டுகளே போதும் என்னும் அச்சிக்கனம் மனிதக் குரலுக்கென வகுக்கப்பட்டது. ஃபேக்ஸின் பாட்டு அதிற் சிதைந்தே போகும்.

இதற்கு மருந்தாகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் டி.38 என்னும் விதியை வகுத்தது. இதன்படி அடாப்டரே ஃபேக்ஸ் ஒலியைக் கேட்டறிந்து, அதன் உட்பொருளை மட்டும் அனுப்பும். முன் கட்டின் செய்தியைப் பின் கட்டிலும் சேர்த்து அனுப்பலாமாதலின், ஒன்று தொலையினும் கேடில்லை. மறுமுனையில் அஃது மீண்டும் ஒலியாகும். ஆயினும் இரு முனைகளும் இடையிலுள்ள சேவையும் இவ்விதியை ஏற்றிருத்தல் வேண்டும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. சுருக்க முறையை நீக்கச் செய்து, ஃபேக்ஸின் வேகத்தை 14,400இனின்றும் 9,600 பிட்டுகளாகக் குறைத்தோம். இப்பொழுது பெரும்பாலான தாள்கள் முழுமையாய் வருகின்றன. எல்லாம் என்று கூறேன்.

இணைப்போர் கருதத்தக்க வேறு சிலவும் உள. எஃப்.எக்ஸ்.எஸ். எனப்படும் துளையே தொலைபேசிக்குரியது; எஃப்.எக்ஸ்.ஓ. என்பது நிலையத்துக் கம்பிக்குரியது. உயிருள்ள பழைய கம்பியை முன்னதிற் செருகின் பெட்டி பழுதுறக்கூடும். சுழல்வட்டுத் தொலைபேசியில் அழைப்பைக் கேட்கலாமேயன்றி, அதன் எண் சுழற்சியை எல்லா அடாப்டர்களும் உணர்வதில்லை.

இவற்றினும் பெரிய வேறுபாட்டைக் கூடலூரில் தனியே வாழும் என் பாட்டியாரிடம் அறிந்தேன். ஐப்பசி மழையிரவொன்றில் அவ்வூரில் மின்சாரம் நின்றது. பெரியாற்று நீரால் மின்சாரம் எடுக்கும் லோயர் கேம்ப் அருகிலேயே உள்ளது. எனினும் கம்பியில் மரம் வீழ்ந்தால் யாது பயன்? பாட்டியாருக்கு மூச்சுத் திணறிற்று. தொலைபேசியை எடுத்தார், ஒலியில்லை. முன்னெல்லாம் ஊர் இருண்டபோதும் அக்கருவி பேசியதற்கு நிலையத்து மின்கலங்களே காரணம் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அண்டை வீட்டாரின் கைபேசியால் அன்று உயிர் தப்பினார்.

கண்ணாடி இழைக்கு இடைவழியில் மின்சாரம் வேண்டுவதில்லை. நிலையத்திலும் வீட்டிலுமே வேண்டும். ஆகவே பெட்டிக்குரிய 12 வோல்ட் சிறு மின்கலமொன்றை வாங்கிப் பொருத்தினேன். பாட்டியார் அதனை முழுதும் நம்பவில்லை. மாலை விளக்கேற்றியதும் அதன் மின்செருகியை ஒருமுறை பிடுங்கிவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்து ஒலி வருகின்றதா என்று பார்த்த பின்னரே மீண்டும் செருகுகின்றார்.