கடலுக்கு அஞ்சாத கல்வி



என் மகள் உயர்நிலைப் பாடசாலையில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டிய வேளையில், "அப்பா, நான் கடலைப் பற்றிப் படிக்கப் போறன்" என்றாள். "கடலுக்குப் போகவோ உன்னை இவ்வளவு படிப்பிக்கிறம்?" என்று சட்டெனக் கேட்டுவிட்டேன். "கடலில என்ன பிழை அப்பா?" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. என் வாயில் வந்தது வெறும் அச்சம் என்பது அன்றிரவுதான் எனக்கு விளங்கியது. இந்த அச்சம் எங்களில் பலருக்கு இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு மணி நேரம்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் மட்டக்களப்புக்கோ முல்லைத்தீவுக்கோ ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. பசிபிக் சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை பல்லாண்டுகளாக இருந்தது. இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதே நாள் தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து வழமைக்கு மாறாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமிப் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. பெற்றோரை விடாமல் வற்புறுத்தினாள். கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினார்கள்.

இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை முறை 2011இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. எங்களைப் பயமுறுத்தும் கடலைப் படித்தவர்களே இன்று எங்கள் உறவினர்களுக்குக் காவலாக இருக்கிறார்கள்.

வீட்டுக்கு அருகே ஒரு பாடம்

கடல் விஞ்ஞானம் என்றால் என்னவென்று அறியத் தூரம் போகத் தேவையில்லை. ஹவுகெட்டோவினூடாக ஓடும் யான்செல்வா ஆறு புன்னபியோர்டில் கலக்கிறது. கோடையில் நாங்கள் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிச் செல்லும் வெர்வென்புக்தாவும் அந்தக் கரையில்தான் இருக்கிறது.

இந்தப் பியோர்டின் அடியில் உள்ள நீர் மூச்சுத் திணறுகிறது. திறொபாக் அருகே கடலடி ஒரு வாசற்படி போல உயர்ந்து, அங்கே ஆழம் 20 மீற்றர் அளவே. உட்புறமோ 150 மீற்றருக்கு மேல் ஆழமானது. எனவே வெளிக்கடலின் புதிய நீர் அடிவரை இலகுவில் வராது.

நான் கணக்காளன், கணக்காகவே சொல்கிறேன். புதிய நீர் கொண்டுவரும் ஒட்சிசன் வரவு. இறந்த பாசிகள் அடியில் அழுகும்போது எடுக்கப்படும் ஒட்சிசன் செலவு. கழிவுநீரும் வயல் உரமும் கொண்டுவரும் நைதரசன் பாசியைப் பெருக்கிச் செலவைக் கூட்டும். வரவு நின்று செலவு தொடர்ந்தால் இருப்பு பூச்சியமாகும். பின்னர் நச்சுவாயுவான ஐதரசன் சல்பைட்டு உண்டாகி மீன்கள் வாழ முடியாத நிலை வரும். இந்தக் கணக்கை அளந்து எழுதுவதும், எங்கே செலவைக் குறைக்கலாம் என்று நகரசபைக்குச் சொல்வதும் கடல் விஞ்ஞானிகளின் வேலை.

வழிகாட்டிய பெண்கள்

பெண்பிள்ளைக்கு இது ஏற்றதா என்று கேட்பவர்கள் மூவரை நினைக்க வேண்டும். நோர்வேயின் முதலாவது பெண் பேராசிரியராக 1912இல் நியமனம் பெற்ற கிறிஸ்தீனே பொன்னவி, கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தவர். அமெரிக்கரான மேரி தார்ப் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அவர் கரையிலிருந்து ஆழ அளவுகளைக் கொண்டு கடலடியை வரைந்து, 1952இல் அத்திலாந்திக் நடுவே நீண்ட பிளவைக் கண்டார். பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் தள்ளினார்கள்; பின்னர் அது சரியென நிரூபணமானது. மூன்றாமவர் இலங்கையரான ஆஷா டி வோஸ். கடல்வாழ் பாலூட்டிகள் பற்றிய ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது இலங்கையர் அவரே. இலங்கைக் கடலில் நீலத்திமிங்கிலங்கள் குளிர்கடலுக்குப் போகாமல் வெப்பக்கடலிலேயே தங்கியிருப்பதை உலகறியச் செய்தார்.

எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு

நோர்வேத் தமிழர் வரலாறே கடலோடு தொடங்கியது. 1956இல் இங்கு வந்த குருநகர் அன்ரனி இராசேந்திரம் மீன்பிடித் தொழிலறிவைக் கற்று, நோர்வே நண்பர்களுடன் 1967இல் காரைநகரில் சீநோர் திட்டத்தைத் தொடக்கினார். 1980களில் வந்த எங்கள் சகோதரங்கள் பலர் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டினார்கள். நான்சன் என்னும் நோர்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், அதே பெயருடைய புதிய கப்பல் 2018இலும் இலங்கைக் கடலின் மீன்வளத்தை அளந்தன. இடையில் சேவை செய்த இன்னொரு நான்சனுக்கு இப்போது பொன்னவியின் பெயர். அத்தகைய கப்பலில் எங்கள் மகள் ஒருத்தி அளவுகோலுடன் நின்றால் அது எங்களுக்குப் புதிய உறவல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, பாடத்தெரிவு. றியால்பாக் எனப்படும் கணித, விஞ்ஞான பாடங்களைப் பதினாறு வயதில் விட்டால் பின்னர் எடுப்பது கடினம். கடல் உயிரியலுக்குக் கணிதத்துடன் உயிரியல், இரசாயனவியல் கைகொடுக்கும். சமுத்திரப் பொறியியலுக்கு ஆர்-1, ஆர்-2 கணிதமும் பௌதிகமும் தேவை.

இரண்டாவது, தூரம். பேர்கன், துரொம்சோ, துரொண்ட்ஹெய்ம் ஆகிய இடங்களில் இத்துறைகள் சிறப்பாக உள்ளன. ஒஸ்லோவிலும் உயிரியல் படிக்கலாம். அரச பல்கலைக்கழகங்களில் இங்கு வாழும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு லோனெகாசன் கடன் தருகிறது. பரீட்சைகளில் சித்தியடைந்தால் அதில் ஒரு பகுதி உதவிப்பணமாக மாறும்.

மூன்றாவது, வேலை. எல்லோரும் கப்பலில் வாழ்வதில்லை. ஆய்வுகூடம், கணினி, வானிலை நிலையம், மீன்வளர்ப்பு, நகரசபை எனப் பல இடங்கள் உண்டு.

நான்காவது, நீச்சல். மகளோடு தாய்தந்தையரும் பழகினால் பாதி அச்சம் நீங்கும்.

மருத்துவரும் பொறியியலாளரும் எங்களுக்கு வேண்டும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் இல்லாமற்போனவர் கடலை அறிந்த ஒருவர். என் மகள் தன் படிவத்தில் கணிதமும் பௌதிகமும் உயிரியலும் எழுதினாள். நான் மறுப்பேதும் சொல்லவில்லை. இறைவன் திருவருள் துணைநிற்க.

பிள்ளைகளுடன் கலந்துரையாட:

1. புன்னபியோர்டின் அடிநீருக்கு ஒட்சிசன் குறைவது ஏன்?
2. சுனாமி வருமுன் கடல் காட்டும் அடையாளங்கள் எவை?
3. உங்கள் குடும்பத்தில் கடலோடு வாழ்ந்தவர் யார்? அவர் அறிந்தவற்றைக் கேட்டு எழுதுக.